இங்க ஒரு அண்ணி போடுங்க

குடையாரின் மனைவி வீட்டில் சிரிப்பதில்லை. டிவியில்தான் சிரிப்பாள்.

வாரத்தில் ஐந்து நாள், சாயங்கால வேளையில், டிவி ஓடுகிற வீடுகளிலெல்லாம் அவள் சிரிப்பு கேட்கும். பக்கத்து வீட்டில் கேட்கும், முடிவெட்டும் கடையில் கேட்கும். அவள் உதவியாளராக வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், காத்திருப்பவர்களின் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் டிவியிலிருந்தும் கேட்கும். அவள் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "அடுத்தது யாருங்க?" என்று கூப்பிடுவாள். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, மேலே சிரிப்பவளும் கீழே கூப்பிடுபவளும் ஒருத்திதான் என்று தெரிய வழியில்லை.

குடையாருக்குத் தெரியும். அதுதான் அவருடைய கஷ்டம்.

குடையார் நகைச்சுவை எழுதுகிறவர். முதலில் ரேடியோவுக்கு எழுதினார். பிறகு டிவிக்கு எழுதினார். இப்போது டிவிக்கு மற்றவர்கள் எழுதுவதைத் திருத்திக் கொடுக்கிறார். அவர்கள் அதை மறுபடி திருத்திப் பழையபடி ஆக்கிக்கொள்கிறார்கள். அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கும், அவர் மனைவி டிவிக்குள் போனதற்கும் காரணம் ஒன்றே. ஒரு மழை நாள்.

அப்போது ரேடியோவில் வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேர சிரிப்பு நாடகம் உண்டு. நிலையத்தின் சின்ன அரங்கில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பதையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். மேடையில் மைக்கைச் சுற்றி நடிகர்கள் கையில் தாள்களோடு நிற்பார்கள். தாளைத் திருப்பினால் சரசரப்பு கேட்கும். ஆகவே படித்து முடித்த தாளைக் கீழே நழுவ விட்டுவிட வேண்டும். நாடகம் முடியும்போது எல்லோரும் கணுக்கால் அளவு காகிதத்தில் நிற்பார்கள். ஒருமுறை வில்லன் வேடக்காரர் அதில் சறுக்கி விழுந்தார். அன்றைக்கு விழுந்த சிரிப்பு, வசனத்துக்கு ஒருநாளும் விழுந்ததில்லை.

மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறை. உள்ளே ஒலிப்பதிவாளர். பக்கத்து அறையில் குண்டூசி விழுந்தால், அது பழைய ஊசியா புதிய ஊசியா என்று சொல்லுவார் என்பதால் அவரை எல்லோரும் 'காது' என்று கூப்பிட்டார்கள். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு நம்மவர் உட்கார்ந்திருப்பார். தன்னைப் போல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து நாடகத்தைக் கவனிக்கிற எழுத்தாளர் வேறு யாரும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டு கொட்டென்று கொட்டியது. அரங்கத்துக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. நாற்காலிகளை வைத்துக்கொண்டு நாடகம் போட முடியாது, நாற்காலி சிரிக்காது. வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களையெல்லாம் வரவழையுங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். குடையாரின் மனைவி மருத்துவமனையிலிருந்து நேராக, வேலைக் கோட்டோடு, தலை நனைந்து வந்தாள். முன்வரிசையில், கண்ணாடி அறைக்கு எதிரில் இடம் கிடைத்தது. அவர் நாடகத்தை அவள் அரங்கில் வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

நாடகத்தில் ஒருவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் குடை இரவல் வாங்கி வைத்திருக்கிறான். அவர் கேட்டு வருகிறார்.

"என் குடையைக் குடுங்க."

"மழை பெய்யுதே."

"அதனாலதான் கேக்கறேன்."

"அதனாலதான் நானும் குடுக்கல."

அரங்கம் சிரித்தது. நல்ல சிரிப்புதான். அது ஏறி, இறங்கி, அடங்கியது. நடிகர்கள் அடுத்த தாளுக்குப் போனார்கள். கதவு தட்டப்பட்டது. "யாரு அது?" என்றான் ஒருவன். "நான்தான்" என்றான் இன்னொருவன். அங்கே ஜோக் எதுவும் கிடையாது. எழுதினவரைக் கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார்.

அந்த இடத்தில்தான் அவள் சிரித்தாள்.

முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்திருக்கிறாள், அடங்கவில்லை. கைக்குட்டைக்கும் அடங்காமல் வெளியே வந்து, படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் மூச்சு வாங்கி, கடைசியில் ஒரு விக்கலில் போய் முடிந்தது. பெரிய விக்கல். அந்த விக்கலைக் கேட்டு அரங்கம் முழுக்க மறுபடி சிரித்தது. முதல் சிரிப்பைவிட இரண்டு மடங்கு. மேடையில் நடிகர்களுக்கும் தொற்றிக்கொண்டு, கதவைத் தட்டியவன் உள்ளே வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள்.

"எதுக்கு அப்படிச் சிரிச்ச?" என்று கேட்டார்.

"தெரியலங்க. சிரிப்பு வந்துச்சு."

"குடைக்குத்தானே?"

அவள் ரோட்டில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "குடையா? ம். நல்லாருந்துச்சு" என்றாள்.

அவருக்கு அது போதும். குடை ஜோக் அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறது, புரிந்ததும் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது என்று கணக்குப் போட்டார். ஆழமான நகைச்சுவை அப்படித்தான் வேலை செய்யும் என்று காதிடம் விளக்கினார். காது, "ஆனா குடை முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சேண்ணே" என்று இழுத்தார். "ஊறணும்யா" என்றார் இவர்.

அன்றிலிருந்து அவர் குடையை விடவில்லை. தொலைந்த குடை, ஓட்டைக் குடை, இரண்டு பேருக்குள் வந்த குடை, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த குடை, கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போகாத குடை என்று எழுதித் தள்ளினார். ஜனங்களுக்கும் பிடித்துப்போனது. நிலையத்தில் ஒரு விழா எடுத்து, வெள்ளி முலாம் பூசிய குடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது விரியாது. பெயரும் குடையார் என்று நிலைத்துவிட்டது. பின்னாளில் டிவி தயாரிப்பாளர், அந்தப் பெயர் குடையிலிருந்து வந்ததல்ல, குடைச்சலிலிருந்து வந்தது என்று சொல்லுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இத்தனை குடைகளும் ஒரே ஆளுக்காகத்தான் எழுதப்பட்டன. அந்த ஆள் திரும்ப ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

எதை எழுதினாலும் முதலில் மனைவிக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அவர் தாளோடு கூடத்துக்கு வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்துபோய்த் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவர் படிப்பார். அவள் குனிந்த தலை நிமிராமல் மடிப்பாள். மடிக்கத் துணி தீர்ந்துவிட்டால், மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். படித்து முடித்ததும், "நல்லாருக்கு" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நகைச்சுவைக்கு நல்லாருக்கு என்று சொல்வதும், தூக்குக் கைதியிடம் சட்டை பொருத்தமாக இருக்கிறது என்று சொல்வதும் அவருக்கு ஒன்றுதான்.

"நல்லாருக்குன்னா சிரிக்கலாமே?"

"மனசுக்குள்ள சிரிச்சேங்க."

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சிரித்தாள்தான். ஆனால் அவர் இரண்டாவது வரியில் இருந்தார். ஜோக் கடைசி வரியில் இருந்தது. "இன்னும் ஜோக்கே வரல, அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்று தாளைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க எதையும் எழுதவில்லை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு வளைய வந்தார். பாவம், இவளுக்குச் சிரிக்க வேண்டிய இடம் தெரியவில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

ரேடியோ நாடகங்கள் ஓய்ந்து எல்லோரும் டிவிக்குப் போனபோது, காதும் போனார். போகும்போது சிரிப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார். டிவி நாடகத்தில் எதிரே ஆட்கள் கிடையாது. யாராவது சிரித்தது போலப் பின்னால் சேர்க்க வேண்டும். காதிடம் சிரிப்பு வகை வகையாக இருந்தது. மெல்லிய சிரிப்பு, ஆண்கள் மட்டும், கைதட்டல் கலந்தது, இப்படி. அந்த விக்கல் சிரிப்பும் இருந்தது. காது குடையாரின் மனைவியை அண்ணி என்று கூப்பிடுகிறவர், அதனால் அந்தச் சிரிப்புக்கு 'அண்ணி' என்று பெயர் வைத்திருந்தார். அதில் என்ன விசேஷம் என்றால், எப்பேர்ப்பட்ட செத்த வசனமாக இருந்தாலும் அதன் பின்னால் அண்ணியைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த விக்கலைக் கேட்டால் வீட்டில் இருப்பவன் சிரித்தே ஆக வேண்டும். கொஞ்ச நாளில் பெயர்க் காரணம் தெரியாதவர்கள்கூட, "இங்க ஒரு அண்ணி போடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

குடையார் நாடகத்துக்கு அண்ணி சிரித்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு சட்டிக்காரர் வந்தார்.

சட்டிக்காரர் இளம் எழுத்தாளர். அவர் எழுதும் ஒவ்வொரு நாடகத்திலும் யாராவது ஒருவர் தலையில் ஒரு சட்டி விழும். அதுதான் அவருடைய நகைச்சுவை. சட்டி விழுந்ததும் அண்ணி சிரிப்பாள். குடையாரின் நேரம் சட்டிக்காரருக்குப் போனது, குடையார் திருத்துகிற மேசைக்குப் போனார்.

அவருக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். டிவியில் சட்டி விழும். மனைவி டிவிக்கு உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அதே மனைவி இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து தலையணை உறையை மடித்துக்கொண்டிருப்பாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒலிப்பதிவு அறைக்கே போய் நின்றார். தயாரிப்பாளரும் அங்கே இருந்தார்.

"அந்தாளு சட்டிக்கு என் பொண்டாட்டி எதுக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டார்.

தயாரிப்பாளருக்கு விஷயம் பிடிபடவில்லை. காது எடுத்துச் சொன்னார். தயாரிப்பாளர் குடையார் பக்கம் திரும்பினார்.

"சார், அண்ணி உங்க வீட்டம்மாவா?"

"ஆமா."

"அவங்ககிட்ட என் நன்றியைச் சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணி இல்லன்னா சட்டி நிக்காது சார்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புகார் செய்தார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"போட்டா போட்டுட்டுப் போறாங்க. எனக்கு என்ன தேஞ்சா போச்சு" என்றாள்.

"உனக்குச் சட்டி பிடிச்சிருக்கா?"

"சட்டி எல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். குரல் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எடுக்கும்போது நரம்பு நலுங்கினால் குரல் கம்மலாம், கரகரக்கலாம், ரொம்ப அபூர்வமாகச் சிலருக்குக் குரலே போய்விடலாம் என்றார். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். குடையார் கையைத் தூக்கினார்.

"சிரிப்பு?"

"என்ன சார்?"

"குரல் போனா சிரிப்பும் போயிடுமா?"

மருத்துவரிடம் இந்தக் கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. "சத்தம் வராது. சிரிக்க முடியும்" என்றார். "சத்தம் இல்லாம எப்படிங்க சிரிப்பாகும்?" என்று ரேடியோக்காரர் கேட்டார். மருத்துவர் அவருடைய ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் குடைகளும் காகிதமும் அவளும்தான் இருந்தார்கள். ஒருவேளை குரல் போய்விட்டால், சட்டிக்காரன் கையிலுள்ள ஒரே சிரிப்புதான் மிச்சம். அதற்குள் ஒரே ஒருமுறை, அவர் எழுதினதைக் கேட்டு, நேருக்கு நேர் அவள் சிரித்துவிட வேண்டும். இத்தனை வருஷ உழைப்புக்கு அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

வெளியூரிலிருந்து மகள் வந்தாள். அப்பா தாளும் கையுமாக அலைவதைப் பார்த்து, "அம்மாவை இப்ப போய்த் தொந்தரவு பண்ணாதீங்கப்பா" என்றாள்.

"சிரிச்சுட்டா விட்டுடறேன். சிரிக்கவே மாட்டேங்கறாளே."

"அம்மாவா? என்கிட்ட போன்ல அப்படிச் சிரிப்பாங்களே."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "சும்மா, வீட்டு விஷயம்தான்பா" என்றாள் மகள். அதற்குமேல் அவளிடமிருந்து எதையும் கறக்க முடியவில்லை. வீட்டு விஷயத்தில் என்ன ஜோக் இருக்க முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லையே.

கடைசியில் காதிடம் போனார். அந்தப் பழைய நாடகத்தை முழுசாகப் போட்டுக் காட்டச் சொன்னார். சிரிப்புக்கு மூலம் எதுவென்று தெரிந்தால், அதே மாதிரி ஒன்று எழுதிவிடலாம். இருவரும் ஆளுக்கு ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். குடை வந்தது, அரங்கம் சிரித்தது, அடங்கியது. யாரு அது? நான்தான். அண்ணி.

"இங்க பாருங்கண்ணே" என்று காது நிறுத்தினார். "'நான்தான்'கிறவரு ஒரு வரியை முழுங்கிட்டாரு. எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க ஸ்டூல்லேர்ந்து எழுந்துட்டீங்க."

"நானா? நான் அசையவே மாட்டேனே."

காது ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். அவர் வேலை கேட்பது, பேசுவது இல்லை.

"குடைதான்யா. சந்தேகமே வேண்டாம்" என்றார் குடையார். காது அவருக்கு ஒரு சின்னப் பதிவுக் கருவியைக் கொடுத்து அனுப்பினார். அண்ணி சிரித்தால் பிடித்துக்கொண்டு வாருங்கள், இந்தத் தடவை நல்ல மைக் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், இருந்த திறமையையெல்லாம் கொட்டி எழுதிய புதுக் குடையோடு கூடத்துக்கு வந்தார். கருவியை மேசையில் வைத்தார். அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளைக் கூடை நிறையக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ஒரு குடையின் கடைசி ஆசை என்பது கதை. எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. படித்து முடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் துண்டை நாலாக மடித்தாள். "ரொம்ப நல்லாருக்கு" என்றாள்.

அவர் படித்ததை விட்டால், கருவியில் மின்விசிறிச் சத்தமும் அந்த இரண்டு சொல்லும் மட்டும் பதிவாகியிருந்தன. ரொம்ப வேறு. அவர் கருவியை அலமாரியில் போட்டுப் பூட்டினார். இனி அது தேவைப்படாது என்று அவருக்குத் தோன்றியது. அவள் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார். பயத்தில் அவர் குரல்தான் கம்மியிருந்தது.

கட்டி நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. குரல் வரவில்லை.

நரம்பு கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், இப்போதைக்கு அவர்களைப் பேசவைக்காதீர்கள் என்றார் மருத்துவர். கழுத்தில் கட்டோடு, ஒரு கையில் ஊசி செருகி, அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் தெளிவாக இருந்தது. மகள் கால்மாட்டில் உட்கார்ந்து பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். குடையாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், போர்வையைச் சரிசெய்தார், ஜன்னலைத் திறந்து மறுபடி மூடினார். மனுஷனுக்குத் தெரிந்தது ஒரே வேலை. சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"சிரிக்கல்லாம் வேணாம்" என்று அவளிடம் சொன்னார். "சும்மா படிக்கிறேன். பொழுது போகும். குடை இல்ல, வேற."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார்.

அவள் தலையைத் திருப்பப் பார்த்தாள். கட்டு விடவில்லை. கை பக்கத்தில் எதையோ தேடியது. அங்கே போர்வைதான் இருந்தது, அதையும் அவர் காலுக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தார். மடிக்க ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அவள் அவரைப் பார்த்தாள்.

அவர் முதல் வரியைத்தான் படித்தார். அது ஒரு வீட்டு வாசலைப் பற்றிய வரி. இரண்டாவது வரிக்குப் போகும்போது கட்டில் ஆடுவது போல இருந்தது. நிமிர்ந்தார். அவள் தோள்கள் குலுங்கின. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"வலிக்குதா?" என்று பதறி எழுந்தார். "ஏம்மா, டாக்டரைக் கூப்பிடு."

மகள் எழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழத்தட்டைக் கீழே வைத்தாள். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்தது. சத்தம் இல்லை. தோள் மேலே மேலே ஏறியது, மூச்சு படிப்படியாக ஏறியது, உச்சியில் போய் நின்றது. பிறகு அந்த அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு விக்கல் வந்தது.

அந்த விக்கலை அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வெளியே வராந்தாவில் போன நர்ஸ், இங்கே யார் டிவி போட்டது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இன்னும் ஜோக்கே வரலையே" என்றார் குடையார், நின்றபடியே.

அவள் ஊசி இல்லாத கையைத் தூக்கி அவரைச் சுட்டினாள். பிறகு, இல்லாத கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டாள். இல்லாத தாளை எட்டத்தில் பிடித்தாள். எல்லா நடிகர்களின் வசனத்தையும் தானே பேசுவது போல உதடு படபடவென்று அசைந்தது. இடது புருவம் மட்டும் தனியாக, நெற்றியின் பாதி வரைக்கும் ஏறிப்போய் அங்கேயே நின்றது. கடைசியில், யாராவது சிரித்தார்களா என்று கண்ணாடிக்கு மேலாக ஒரு திருட்டுப் பார்வை பார்த்தாள். சிரிப்புக்கென்று எழுதப்பட்ட முகம் இல்லை அது. பரீட்சைக்கு வந்தவன் முகம்.

"இது யாரு?" என்றார்.

"நீங்கதாம்பா" என்றாள் மகள். "படிக்கும்போது நீங்க இப்படித்தான் இருப்பீங்க."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ரேடியோ நிலையத்திலயும் இதுதானா? கண்ணாடிக்குப் பின்னாடி?"

அவள் தலையசைத்தாள். ஒருவன் வரியை விழுங்கியதும் அவர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்ததை, புருவத்தை இறக்காமலே கையால் நடித்துக் காட்டினாள்.

"குடை இல்லையா?"

இல்லை என்று விரலை ஆட்டினாள். குடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அப்புறம் ஏன் இத்தனை நாளா..." என்று ஆரம்பித்தார்.

"கல்யாணமான புதுசுல ஒருதடவை சிரிச்சாங்களாம்" என்று மகள் சொன்னாள். "நீங்க ஒரு வாரம் எழுதலையாம். அதிலேர்ந்து நீங்க படிச்சா உங்களைப் பார்க்கறதில்லைன்னு வெச்சிருக்காங்க. பார்த்தா சிரிப்பு வந்துடும். அதுக்குத்தாம்பா துணி மடிக்கிறது. அப்புறம் என்கிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

குடையாருக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. எத்தனை குடை. வெள்ளியில் ஒன்று வேறு. வாழ்நாளெல்லாம் மழையே இல்லாத இடத்தில் குடை பிடித்து நின்றிருக்கிறார். இன்னொரு பக்கம் வேறு ஒன்று மெதுவாகத் தெளிந்துகொண்டு வந்தது. அப்படியானால் டிவியில் அவள் ஒருநாளும் சட்டிக்குச் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டிலும், முடிவெட்டும் கடையிலும், பல் மருத்துவமனையின் சுவரிலும், இத்தனை வருஷமாக அவள் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காகத்தான் இருந்தது.

காதின் கருவி வீட்டு அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. அது ஞாபகம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு மறுபடியும் தோள் குலுங்கியது.

"சரி, இனிமே பார்த்துக்கிட்டே கேளு" என்றார். "எந்த இடத்துல வேணாலும் சிரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தாளை எடுத்தார். எது சிரிப்பு வரவைக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதே. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார், உதட்டைப் படபடத்தார், இடது புருவத்தை முடிந்தமட்டும் தூக்கி அங்கேயே நிறுத்திக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஊசி இல்லாத கையால் போர்வையின் ஓரத்தை உருவி எடுத்து இரண்டாக மடித்தாள். பிறகு, அவருக்குப் புரிய வேண்டும் என்று, சத்தமில்லாமல் உதடுகளை நிதானமாக அசைத்துச் சொன்னாள்:

"நல்லாருக்கு."